பன்னிரண்டாவது இரும்பு

பன்னிரண்டாவது இரும்புக்குப் பெயர் வரவில்லை.

பதினொன்றுக்கு வந்தது. காந்தத்தை வாய்க்காலில் வீச வேண்டியது, கயிற்றை இழுக்க வேண்டியது, ஒட்டிக்கொண்டு வந்ததைப் பிடுங்கிப் படியில் வைக்க வேண்டியது, வாய்விட்டுப் பெயரைச் சொல்ல வேண்டியது. கீல். ஐந்தங்குல ஆணி. ஸ்பார்க் பிளக். மாட்டு லாடம், பாதி. ஆக்ஸா பிளேடு துண்டு. பூட்டின் வளையம், பூட்டு இல்லை. ஆட்டோ பிரேக் ஸ்பிரிங். சைக்கிள் செயின் ஒரு முழம். குடைக்கம்பி. முக்கால் அங்குல நட்டு. பெயிண்ட் டப்பா மூடி. எல்லாம் வரிசையாகப் படியில் உட்கார்ந்திருக்கின்றன, ரேஷன் கடை திறக்கக் காத்திருக்கிற ஆட்கள் மாதிரி. குடைக்கம்பிக்கு மட்டும் கொஞ்சம் நேரமாயிற்று. கொஞ்சம்தான். மழை ஞாபகம் வந்தது, கறுப்புத் துணி ஞாபகம் வந்தது, பிறகு அதுவாகவே வந்துவிட்டது. அது தப்பில் சேராது. பன்னிரண்டு சொல்லிவிட்டால் எழுந்து போகலாம் என்று எனக்கு நானே வைத்துக்கொண்டது. ஏன் பன்னிரண்டு என்றால், டாக்டர் பன்னிரண்டு படம் காட்டுவாராம். என்ன என்று சொல்ல வேண்டுமாம். கலைமதி போனில் சொன்னாள். சும்மா ஒரு டெஸ்ட்தாம்பா, சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டுற மாதிரி படம்தான், பயப்படாதீங்க. நான் பயப்படுகிறேன் என்று இவளிடம் யார் சொன்னது? பெற்ற மகள், தஞ்சாவூரில் டீச்சர், இன்று எட்டு மணிக்குப் பஸ்ஸில் வந்து இறங்குகிறாள், பத்தரைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாள். டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு என்னை அவளுடைய மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோய்விடுவாள். அங்கே வாய்க்கால் கிடையாது. இரும்பு கிடையாது. பால்கனி உண்டு. பால்கனியில் உட்கார வைப்பார்கள். இப்போது மணி ஏழு. பன்னிரண்டாவது என் மடியில் கிடக்கிறது. வேட்டியெல்லாம் சேறு.

என்ன எழவு இது? கம்பி. உருட்டுக் கம்பி இல்லை, சப்பை. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு முனை வளைந்து கொக்கி. மறு முனையில் ஓர் உருண்டை, சாத்துக்குடி அளவு, மேலும் கீழும் கொஞ்சம் அமுங்கினது. இடுப்பைச் சுற்றி ஒரு வரம்பு, துருவும் சிமெண்டும் சேர்ந்து கல்லாக இறுகியிருக்கிறது. பாலம் வேலை நடந்தபோது கலவை கழுவிய தண்ணீரையெல்லாம் இந்த வாய்க்காலுக்குள்தான் விட்டார்கள். உச்சியில் ஒரு துளை. சுண்டுவிரல் நுனி போகாது. ஆட்டினால் உள்ளே ஏதோ உருளுகிறது. கடகட. மிதவையா? தொட்டி நிறைந்ததும் எழும்பி வந்து குழாயை அடைக்குமே, அந்த மிதவை. இல்லை. இது கனம். துளை போட்ட மிதவை மிதக்காது. பழைய நீராவி இஞ்சினில் வேகத்தைக் கட்டுப்படுத்தச் சுற்றுகிற குண்டா? அது உள்ளே பொள்ளலாக இருக்காது. எண்ணெய்க் கிண்ணமா? எண்ணெய்க்குத் துளை சரி, கொக்கி எதற்கு? கொக்கி என்றால் தொங்க வேண்டும். எதில் தொங்கும்? தொங்கிக்கொண்டு என்ன செய்யும்? ஒரு பொருள் என்று இருந்தால் அதைச் செய்தவன் ஒருவன் இருப்பான். எதற்கோ செய்திருப்பான். அந்த எதற்கு என்பது கையில் சிக்கிவிட்டால் பெயர் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்துவிடும். முப்பத்தாறு வருஷம் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் அப்படித்தான் வந்தது. இது வரமாட்டேன் என்கிறது. உருண்டை உருளச் சொல்கிறது. கொக்கி தொங்கச் சொல்கிறது. துளை ஊற்றச் சொல்கிறது. கம்பி கையில் பிடிக்கச் சொல்கிறது. எதைக் கேட்பது? மறுபடி ஆட்டினேன். கடகட. சிரிக்கிற மாதிரி இருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது. ஃபோர்மேன் டிமெல்லோ சொல்வார். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு ஒரு சாக்குப் பரீட்சை உண்டு எங்கள் ஷெட்டில். ரூல் புத்தகத்தில் கிடையாது. சாக்குக்குள் டிமெல்லோ ஒரு சாமானைப் போடுவார். பார்க்காமல் கையை விட்டுத் தடவி என்ன என்று சொல்ல வேண்டும். இருபது சாமான். பதினைந்துக்குக் கீழே போனால் மூன்று மாதம் கூட்டிப் பெருக்கத்தான் விடுவார், யார் சிபாரிசில் வந்திருந்தாலும். சாக்கில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். அது சட்டம். முதல் சாமான் வெளியே வராமல் அடுத்தது உள்ளே போகாது. பெரிய ஆபீசர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்து, இரண்டைச் சேர்த்துப் போடுமய்யா, பையன் முழிக்கிறானா பார்ப்போம் என்றதற்கு, டிமெல்லோ சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டார். நான் இருபதுக்கு இருபது. பதினேழாவதாக ஒரு கொய்யாக்காயைப் போட்டார், பாதி கடித்தது. கொய்யாக்காய் சார், நீங்க கடிச்சது என்றேன். நான் கடிச்சதுன்னு எப்படிடா தெரியும்? முன்பல்லு ரெண்டு இல்லாத கடி சார். ஷெட்டே சிரித்தது. டிமெல்லோ சிரிக்கவில்லை, மிச்சக் கொய்யாவை என்னிடமே கொடுத்துத் தின்னச் சொன்னார். அவர் போனபிறகு சாக்கு என் கைக்கு வந்தது. மேஸ்திரியான பிறகு எத்தனை பேருக்கு நான் சாக்குப் பிடித்தேன். கையை விட்டவன் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து, பொறுமையில்லாமல், சீக்கிரம் சொல்லுடா, சாமானுக்கு வயசாகுது என்பேன். சிரிப்பார்கள். அவன் நெற்றியில் வியர்வை பூக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். இப்போது என் நெற்றியில் பூக்கிறது. வெயில்கூட இன்னும் ஏறவில்லை.

அண்ணனுக்கு முதலில் டம்ளர் போனது. என் அண்ணன் தருமலிங்கம், ரயில் தபாலில் கடிதம் பிரிக்கிற வேலை. ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டு, ஊர் பெயரைக் கண் படிக்கும் முன்னால் கை அந்த ஊரின் அறைக்குள் கடிதத்தைப் போட்டுவிடும். ராத்திரி தூக்கத்தில் ஊர் பெயராகச் சொல்வார் என்று அண்ணி சிரிப்பாள். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரு நாள் சாப்பிடும்போது, தண்ணி குடிக்கிறதை எடு என்றார். நாங்கள் சிரித்தோம். குறும்பு என்று நினைத்தோம். பிறகு செருப்பு போனது. பிறகு பேரன் போனான். ஒரு நாள் கூடத்தில் அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டு, உங்களை எங்கேயோ பார்த்திருக்கேன், எந்த ஊர் நீங்க என்று கேட்டார். ஊரைத்தான் கேட்டார். ஊர் தெரிந்துவிட்டால் எந்த அறையில் போடுவது என்று தெரிந்துவிடும். நாற்பத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, லால்குடிங்க என்றாள். அவர் நிம்மதியாகத் தலையாட்டினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்ன அண்ணே, வேஷமா என்று அதட்டினேன். அதட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நீங்க எந்த ஊர் என்று என்னிடம் கேட்கவில்லை. என்னைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று அப்போது யோசித்ததில்லை. இப்போது தெரிகிறது. இருட்டாக இருக்காது. எல்லாம் பளிச்சென்றுதான் இருக்கிறது. சொல் இருக்கிற அலமாரி தெரிகிறது. கதவு திறக்கிறது. தட்டு காலி. அந்தச் சொல் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த இடத்தில் தூசி இல்லாத வட்டம் மட்டும் இருக்கிறது. அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். போன மாதம் அப்படித்தான் நின்றேன். கலைமதி போனில் இருந்தாள். அங்கே என்னப்பா சத்தம் என்றாள். அது மேலே சுத்துறது, அதுதான் சத்தம் போடுது என்றேன். மேலே சுத்துறது. நான் பேரிங் மாற்றியது, நான் மாட்டியது, பதினெட்டு வருஷமாக என் தலைக்கு மேல் சுற்றுவது. பிறகு, ஃபேனாப்பா என்றாள். மெதுவாக. வகுப்பில் கடைசிப் பெஞ்சுப் பையனிடம் பேசுகிற மெதுவில். கத்தியிருந்தால் தேவலை. ஃபேன்தான், வேறென்ன, தெரியாமலா சொல்றேன் என்று வைத்துவிட்டேன். அன்று ராத்திரி ஃபேனைப் போடவில்லை.

டிராக்சூட் போட்ட ஒரு ஆள் மேல்படியில் வந்து நின்றார். தினம் வாய்க்கால் ஓரம் நடக்கிறவர். இவர் பெயர் எனக்கு எப்போதுமே தெரியாது, ஆகவே இதில் பயமில்லை. என்ன சார் கெடச்சுது என்றார். இரும்பு என்றேன். என்ன இரும்பு? பாத்தா தெரியலையா என்றேன், தெரிந்தால் சொல்லட்டும் என்று. அவர் குனிந்து பார்த்தார். கண் விரிந்தது. சார், பாம் மாதிரி இருக்கு சார். கைப்பிடி இருக்கு, குண்டு இருக்கு, திரி வைக்க ஓட்டை இருக்கு. அந்தக் காலத்துச் சண்டைல போட்டதா இருக்கும். போலீஸுக்குச் சொல்லிடுங்க. பாம்னா நீ ஏன் இவ்ளோ கிட்ட நிக்கிற என்றேன். ஆள் இரண்டு படி ஏறிக்கொண்டார். பாமாக இருந்தால்தான் என்ன? வெடித்தால் பெயர் தெரிந்துவிடும். இங்கிருந்தே போட்டோ எடுத்துக்கிறேன் சார், போன்ல போட்டா அதுவே சொல்லிடும் என்று எடுத்தார். தட்டினார். உதட்டைப் பிதுக்கினார். கிலுகிலுப்பைங்குது சார், ஏதோ வெளிநாட்டு வாத்தியமாம், ஆட்டிப் பாருங்களேன். ஆட்டினேன். கடகட. பாத்தீங்களா! போய்யா என்றேன். போனார், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. கிலுகிலுப்பையாம். ஆனால் அந்தப் போனுக்கு ஒரு சங்கடமும் இல்லை, பாருங்கள். சரியோ தப்போ, கேட்ட மாத்திரத்தில் ஒரு பெயரை எடுத்து வீசுகிறது. வீசிவிட்டுப் பைக்குள் போய்விடுகிறது. எனக்குத் தப்பான பெயர்கூட வரவில்லை. வாய் திறந்தால் அது, இது, அந்த. டாக்டர் படத்தைக் காட்டுவார். நான் அது என்பேன். கலைமதி பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையைக் கசக்குவாள். டாக்டர் அடுத்த படத்தைத் திருப்புவார். அந்தத் திருப்புகிற சத்தம் இப்போதே கேட்கிறது.

மேஸ்திரி, இட்லி! மேலே பாலத்தடியிலிருந்து தள்ளுவண்டிப் பெண்பிள்ளை கூப்பிடுகிறாள். இவள் பெயர் தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும். தெய்வானை போனதிலிருந்து எனக்குக் காலைச் சாப்பாடு இவள் கையில்தான். தெய்வானை. என் மனைவி. தெய்வானை. தினம் எழுந்ததும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், சட்டைப் பையில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி. அது இருக்கிறது. இவள் பெயர்தான் பத்து நாளாக இல்லை. நீளமான பெயர். மாதா கோயில்காரர்கள் வைக்கிற பெயர். முதல் நாள், என்னம்மா பேரு இவ்வளவு நீளம், கூப்பிடறதுக்குள்ள இட்லி ஆறிடும் என்றேன். அவள், ஆறட்டும், முழுசாக் கூப்பிடுங்க என்றாள். அன்றிலிருந்து முழுசாகத்தான் கூப்பிட்டு வந்தேன். அது ஞாபகம் இருக்கிறது. அவள் சொன்னது, சிரித்தது, அன்று தேங்காய்ச் சட்னி என்பது, எல்லாம் இருக்கிறது. அன்னம்மா இல்லை. ஆரோக்கியம் இல்லை. அடைக்கலமேரி இல்லை. பத்து நாளாக ஏம்மா, ஏம்மா என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வேறு கடைக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஒரு பெயருக்காக இட்லியை விடுவதா? மேலேயிருந்து கடுகு வெடிக்கிறது. கறிவேப்பிலை சடசடக்கிறது. வாசனை படி இறங்கி வந்து மூக்கில் ஏறுகிறது. அதற்கெல்லாம் பெயர் வருகிறது. கடுகு, உளுந்து, பெருங்காயம், காய்ந்த மிளகாய். சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மூக்குக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. மேஸ்திரி! எழுந்து போனால் நான் தோற்றதாகிவிடும்.

திரும்பத் தண்ணீரில் போட்டுவிடலாம். யார் பார்த்தார்கள்? போட்டுவிட்டு இன்னொரு வீச்சு. ஒரு போல்ட் வரும், ஒரு வாஷர் வரும், பன்னிரண்டு ஆகிவிடும், எழுந்துவிடலாம். யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். அதுவும் எத்தனை நாளைக்கு. கை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. இது திரும்ப உள்ளே போனால் அங்கேயே கிடக்கும், பெயர் இல்லாமல், நான் மூன்றாவது மாடிப் பால்கனியில் உட்கார்ந்திருக்கும்போதும் கிடக்கும். கையை இறக்கினேன். பக்கத்தில் பையில் சுத்தி இருக்கிறது. அரை ராத்தல் சுத்தி. தட்டிப் பார்க்கலாம். ஆனால் என்னவென்று தெரியாமல் ஒன்றைத் தட்டக் கூடாது. அதுவும் டிமெல்லோ. பெயர் தெரியாததைத் தட்டினால் நீ உடைப்பது எதை என்று உனக்குத் தெரியாது. எத்தனை பேர் கையிலிருந்து சுத்தியை நானே பிடுங்கியிருக்கிறேன். ஆகவே தட்டவும் முடியாது, போடவும் முடியாது, பெயரும் வராது. மணி ஏழு நாற்பது. பஸ் இந்நேரம் துவாக்குடி தாண்டியிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து, அப்பாகிட்ட எப்படிப் பேசுவது என்று யோசித்துக்கொண்டு வருவாள். உதடு அசைந்துகொண்டிருக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படி, பரீட்சைக்கு முன்னால் உதடு அசையும். என் உதடும் அசைகிறது. மிதவை. குண்டு. கிண்ணம். மிதவை. குண்டு. கிண்ணம். செக்கு மாடு மாதிரி அந்த மூன்றையே சுற்றிச் சுற்றி வருகிறது. கிண்ணத்தில் வந்ததும் ஒரு நொடி நிற்கிறது. ஏதோ இருக்கிறது கிண்ணத்தில். பிறகு துளையைப் பார்த்ததும் ஓடிவிடுகிறது. அண்ணே, நீங்களும் இப்படித்தான் சுற்றினீர்களா? எந்த ஊர், எந்த ஊர் என்று? நான் அதட்டினேனே.

"மூணு தடவ கூப்பிட்டாச்சு. காது போச்சா மேஸ்திரி?"

அவளே இறங்கி வந்துவிட்டாள். ஒரு கையில் தட்டு, மறு கையை முந்தானையில் துடைத்தபடி. நாற்பத்தைந்து வயதிருக்கும், படி இறங்கும்போது முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவள்.

"காது இருக்கு."

"அப்ப வாயிதான் போச்சா? காலையிலேருந்து ஆணி, கீலுன்னு அதுங்ககூட மட்டும் பேசறீங்க. மக வர்ற நாளு, வெறும் வயித்தோட உக்காந்துக்கிட்டு." தட்டை வரிசைக்குப் பக்கத்தில் வைத்தாள். என் மடியைப் பார்த்தாள். "இந்தத் தாளிக்கிற கரண்டிய ஏன் இப்படி கொழந்த மாதிரி மடியில வெச்சிருக்கீங்க?"

"எதை?"

"இதைத்தான். கைய விடுங்க." கம்பியைப் பிடித்து இழுத்தாள். "இந்த வளைவு ஆணியில மாட்டுறதுக்கு. எங்க வண்டியில தொங்குது பாருங்க, இப்பதான் தாளிச்சேன்."

"அப்ப உருண்டை? அந்தத் துளை? கரண்டிக்கு ஏது மூடி? ஏது துளை?"

"அது வேற ஏதோ. இதுமேல கவுந்து ஒட்டிக்கிட்டிருக்கு. இது ரெண்டு சாமான் மேஸ்திரி."

"ரெண்டா?"

"ஒண்ணுன்னு யாரு சொன்னா?"

யார் சொன்னார்? டிமெல்லோ சொன்னார். சாக்கு சொன்னது. ஒரு நேரத்தில் ஒன்று. வாய்க்கால் அந்தப் பரீட்சைக்கு வந்ததில்லை, அதற்கு யாரும் சட்டம் சொல்லவில்லை, அது கையில் கிடைத்த இரண்டைச் சேர்த்துச் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டது. நான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன், ஒரு மணி நேரமாக, வியர்க்க வியர்க்க. தட்டாதே, தெரியாமல் தட்டக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் படியின் விளிம்பில் ஓங்கி ஒரு போடு போட்டாள். டொக். இட்லி தட்டில் அதிர்ந்தது. இன்னொன்று. டொக். மூன்றாவதில் வரம்பு பிளந்தது. கறுப்புச் சேறு கொஞ்சம் கொட்டியது, சேற்றோடு ஒரு கூழாங்கல். இவ்வளவு நேரம் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான், மொச்சைக் கொட்டை அளவு. உருண்டையின் மேல்பாதி படியில் உருண்டு போய் ஆணியின் மேல் மோதிக் கவிழ்ந்தது. குழிந்த தகடு, நடுவில் திருகுக்குத் துளை, துருவுக்கு அடியில் ஓரிடத்தில் மட்டும் வெள்ளிப் பூச்சு மின்னியது.

"சைக்கிள் மணி" என்றேன். "மணியோட மூடி." அவள் சொல்வதற்கு முன்னால் சொன்னேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. அக்கரையில் துணி துவைத்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆமா, சைக்கிள் மணிதான். அதுக்கு ஏன் இந்தக் கத்து?"

மூடியை எடுத்துத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். மூளை போகவில்லை. போகவில்லை, பொருள்தான் இரண்டு. இரண்டை ஒன்றாக நினைத்தால் எவனுக்குத்தான் வரும்? டிமெல்லோவுக்கே வராது. போன் கிலுகிலுப்பை என்றது. மூச்சு நெஞ்சின் அடி வரைக்கும் போய் வந்தது, பத்து நாளில் முதல்முறையாக. ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டேன். கடுகு பல்லில் கடிபட்டது. அப்போது அவள் கேட்டாள், மணலில் கரண்டியைத் தேய்த்துக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல்.

"பத்து நாளா பேர் சொல்லிக் கூப்பிடறதே இல்ல. ஏம்மா, ஏம்மாங்கறீங்க. எம்மேல கோவமா? சட்னியில ஏதும் உப்பு தூக்கிப் போச்சா?"

கரண்டிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இவள் பெயருக்கு என்ன காரணம்? அது எதோடும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. தட்டிப் பிரிக்க ஒன்றும் இல்லை. அது இல்லை, அவ்வளவுதான். ஃபேனும் இரண்டு சாமான் இல்லை. டாக்டர் காட்டுகிற படத்திலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்கும். கோவமெல்லாம் இல்லை என்று சொல்லலாம். உப்பு கூடத்தான் என்று பழியை அதன்மேல் போடலாம். வாய்க்காலைப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் குடம் மிதந்து போயிற்று. அது கண்ணை விட்டு மறையும் வரைக்கும் பார்த்தேன். அவள் தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது. திரும்பினால், அவள் என்னைப் பார்க்கவில்லை, படியில் வரிசையாக இருந்த பதினொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீல், ஆணி, ஸ்பார்க் பிளக், லாடம். ஒவ்வொன்றாக, கடைசி வரைக்கும் பார்த்தாள். பிறகு எழுந்தாள். மறுபடி கேட்கவில்லை.

"இந்தக் கரண்டிய நான் எடுத்துக்கறேன். தேச்சு எண்ணெ காட்டினா இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றாள். மூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி ஏறினாள். நின்றாள். திரும்பாமலே சொன்னாள். "மக வந்து கேட்டா, கரண்டிய அமலோற்பவம் எடுத்துக்கிட்டுப் போனான்னு சொல்லுங்க. அமலோற்பவம். என்ன?"

"ம்" என்றேன்.

ஏறிப் போய்விட்டாள். அமலோற்பவம். தூசி இல்லாத வட்டத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தேன். சரியாகப் பொருந்தியது. எங்கும் போகாமலே இருந்ததுபோல இப்போது உட்கார்ந்திருக்கிறது. அதை நம்ப முடியாது. ஃபேனும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. அமலோற்பவம். கயிற்றைச் சுருட்டினேன், சுற்றுக்கு ஒரு தடவை சொன்னேன். மணி மூடியை வரிசையின் கடைசியில் வைத்தேன், சொன்னேன். காந்தத்தைத் துணியில் சுற்றினேன், சொன்னேன். கைகழுவினேன், சொன்னேன். வாய்க்கால் படியில் ஒரு கிழவன் உட்கார்ந்து ஜெபிக்கிறான் என்று பார்க்கிறவன் நினைத்திருப்பான். தெய்வானை, அமலோற்பவம், ஃபேன். இருக்கிறது. மூன்றும் இருக்கிறது. இப்போதைக்கு இருக்கிறது. மேலே ஆட்டோ நின்றது. செருப்புச் சத்தம் வேகமாகப் படி இறங்கியது, பாதியில் மெதுவானது. என்னைத் தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்துக்கொள்வதற்காக மெதுவாகிறது அது. எனக்குத் தெரியும். அண்ணன் வீட்டு வாசலில் என் செருப்பும் அப்படித்தான் மெதுவாகும்.

"வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்துச்சு. இங்கதான் இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள் கலைமதி. பக்கத்தில் உட்கார்ந்தாள். புடவையில் சேறு படும் என்று பார்க்கவில்லை. வரிசையின் கடைசியில் இருந்ததை எடுத்தாள். "இதென்னப்பா?" சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்காக என் வாயைப் பார்த்தாள்.

"சைக்கிள் மணி மூடி."

மூச்சு விட்டாள். மறைக்கத்தான் பார்த்தாள், தோள் இறங்கியது தெரிந்தது. நான் இருந்தாற்போலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் அவ்வளவு பேசுகிறவனில்லை. கொக்கி, உருண்டை, துளை, கடகட, பாம், கிலுகிலுப்பை. அவள் சிரித்தாள். தாளிக்கிற கரண்டியும் சைக்கிள் மணியும் ஒட்டிக்கொண்டது என்றதும் கையைத் தட்டிச் சிரித்தாள், பத்து வயதில் சிரித்த மாதிரி. சிரிப்பு முடியும்போது கண்ணில் ஒரு ஆசை வந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. டாக்டரிடமே போக வேண்டாமோ, இவர் நன்றாகத்தான் இருக்கிறாரோ என்கிற ஆசை.

"இந்தச் சேத்துக்குள்ளேயும் இது ரெண்டுன்னு எப்படிப்பா தெரிஞ்சுது? யாராலயும் முடியாது. நீங்கதானே கண்டுபிடிச்சீங்க?"

ஆமாம் என்று சொல்லலாம். ஒரு சொல். அந்தச் சொல்லில் வீடு இருக்கிறது, சாவி இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, பத்தரை மணி இல்லாமலே போகிறது. நாக்கு அதற்குத் தயாராகத்தான் இருந்தது. மேலே கடுகு வெடித்தது. நான் அலமாரியைத் திறந்து பார்த்தேன்.

"நான் இல்லம்மா" என்றேன். "அமலோற்பவம்."